லாக்கர் பூசிய அம்புகள்

"எட்வின் சார் போய்ட்டாரு சார். கடைசி வரைக்கும் அந்த வார்த்தைய சொல்லல."

ஆம்பூரிலிருந்து கஃபூர் பாய் இரண்டையும் ஒரே மூச்சில் தொலைபேசியில் சொன்னார். எது பெரிய இழப்பு என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நாங்கள் மூவரும் ஒரே தோல்பொருள் தொழிற்சாலையில் இருந்தோம். எட்வின் சார் சாம்பிள் பிரிவுக்குத் தலைவர். பாய் ஃபினிஷிங் மேஸ்திரி. நான் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுபவன். தொண்ணூறுகளில் ஒரு வெளிநாட்டுக்காரர் தோல் அம்பறாத்தூணிகள் கேட்டு, அளவு பார்க்கப் பழைய ஃபைபர்கிளாஸ் அம்புகள் சிலவற்றை அனுப்பினார். சரக்கு போயிற்று, அம்புகளை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அவற்றை வைத்துக்கொண்ட எட்வின் சாருக்கு அம்பு சேர்க்கும் பித்துப் பிடித்தது. அதிலிருந்து செருப்பு வாங்குபவரிடம்கூட வீட்டில் பழைய அம்பு உண்டா என்று கேட்டு நான் எழுத வேண்டியதாயிற்று.

வாழ்நாளில் எட்வின் சார் வில்லைத் தொட்டதில்லை. அம்பைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே கண்ணாடியிழை சுற்றிப் போகும் விதம், நாண் மாட்டும் பிளவின் வடிவம், வண்ண வளையங்கள், எறும்பு ஊர்ந்ததுபோல் மங்கிய கம்பெனி எழுத்து எல்லாம் பார்த்துத்தான் அது எந்த வகை என்று பெயர் சொல்வார். "எழுத்து அழிஞ்சா அம்பு அனாதை" என்பார். ஒருவர், இது என் தந்தை இளமையில் எய்தது என்று உருகி எழுதி ஓர் அம்பை அனுப்பினார். இந்த வகை அவ்வளவு பழையதல்ல, உங்கள் தந்தை சொன்னது தவறு என்று எட்வின் சார் பதில் எழுதச் சொன்னார். நான் மென்மையாக்கினேன். கிழித்துவிட்டு மறுபடி எழுத வைத்தார். அந்த மனிதர் அதன்பிறகு எங்களிடம் பெல்ட் வாங்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, ஒரு விளையாட்டுக் கல்லூரி அவர் சேர்த்த அம்புகளைக் கண்ணாடி அலமாரியில் வைக்கச் சம்மதித்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் பார்த்ததில்லை. அதற்குள் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் படுத்தார். பாய் அவர் மனைவியிடம் அம்புகளை வாங்கிக்கொண்டுபோய், சரக்குப் பரிசோதனைக்கு முன் நாங்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார். தின்னரால் அழுக்கைத் துடைத்து, பளபளக்க லாக்கர் அடித்தார். எட்வின் சார் வீடு திரும்பிய அன்று அவை வரிசையாக மின்னின.

"எப்படி சார்? புது சரக்கு கணக்கா இருக்குதா?"

எட்வின் சார் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய், எழுத்து எங்க? வளையம் எங்க?"

"அழுக்கு ஜாஸ்தி சார். எல்லாம் போய்டுச்சு."

கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். எது எந்த அம்பு என்று கேட்டார்கள். டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

அதன்பிறகு, அடியில் எழுத்து மிச்சமிருக்குமா என்று எட்வின் சார் பிளேடும் கையுமாக லாக்கரைச் சுரண்டினார். உள்ளிருந்த கண்ணாடியிழை சிலிர்த்து விரல்களில் ஏறியது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பாய் வந்து எதிரில் உட்காருவார்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பேஜாரா கீது."

"மன்னிக்கல பாய். சொன்னா தப்பான தகவலாயிடும். டீ ஆறுது, குடிங்க."

மறுபடி மருத்துவமனையில் சேர்த்தபோது, ஊசி போட நரம்பு தேடிய நர்ஸ் அந்த விரல்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள். சாமணமும் பூதக்கண்ணாடியும் கொண்டுவந்து கண்ணாடி முட்களைப் பிடுங்க ஆரம்பித்தாள். "மெதுவாம்மா, அதுல ஒண்ணு ரொம்ப அரிய வகை" என்றார். எல்லாவற்றையும் எடுத்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில், மறைந்த சகோதரர் எவர்மேலும் கசப்பு வைத்ததில்லை என்று போதகர் சொன்னார். அவரை அறிந்தவர்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

வெளியே வந்ததும் அவர் மனைவி, அம்புக் கட்டைப் பாயிடம் நீட்டினார். "உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு."

"வேற எதனா சொன்னாராம்மா?"

"ஒண்ணும் சொல்லல."

பாய் கட்டைக் கையில் வைத்தபடி என்னிடம் வந்தார். "இதுக்கு இன்னா சார் அர்த்தம்? மன்னிப்பா, தண்டனையா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

தாமதத்துக்கு மழையையும், சுருங்கிய தோலுக்கு வெயிலையும் காரணமாக எழுதிப் பிழைத்தவன் நான். இதற்கும் அழகான ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாய் அதை நம்பியும் இருப்பார். ஆனால் எட்வின் சார், உறுதியாகத் தெரியாத அம்புக்கு ஒருநாளும் பெயர் வைத்ததில்லை.

"தெரியல பாய்" என்றேன்.

எட்வின் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். பாய்க்கு அது எந்த ஆறுதலும் தரவில்லை. கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.