செக்கிங் மேஜையில் ஆறு முட்டை

இன்று குன்னத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், கோழி இல்லாமல் பல்புச் சூட்டில் குஞ்சு பொரிக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "தொண்ணூறுலயே நான் செஞ்சு பாத்துட்டனுங்க" என்றேன்.

அப்போது பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. வீட்டில் அடைகாத்த கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய ஆறு முட்டைகளையும் அட்டைப்பெட்டியில் பனியன் வேஸ்ட் மேல் வைத்து, மேலே பல்பு கட்டினேன்.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனிக்கே எடுத்துப்போய், துணியில் ஓட்டை பார்க்கிற கண்ணாடி மேஜை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நான்கு பளிச்சென்று இருந்தன. பாஸ்!

இரண்டில் கறுப்பாகக் கறை. செகண்ட்ஸ்! அயர்ன் டேபிளுக்கு அடியில் இருந்த வேஸ்ட் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பாஸானவை வீட்டில் பல்புக்கடியில் கூழாகிப்போயின. ஒருநாள் அயர்ன்காரர் கூப்பிட்டார்: "ஏனுங்க, உங்க செகண்ட்ஸ் ரெண்டும் கத்துதுங்க!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கறுப்பா இருந்தாத்தானுங்க உள்ள குஞ்சு இருக்குது. அப்ப நீங்க பாஸ் பண்ணுன பனியனெல்லாம்?"

"அதெல்லாம் அப்பவே கப்பலேறிப் போயிருச்சுங்க."

வெளிநாட்டு நண்பர்களே, அந்தக் காலத்துத் திருப்பூர் பனியன் கைவசம் இருந்தால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மனசு கேட்கவில்லை.