எது வேணுமோ எடுத்துக்கோங்க

போன மாதம் என் மகள் என்னைச் சென்னையில் ஒரு உணவகத்துக்கு அழைத்துப்போனாள். நீளமான மேசையில் நறுக்கிய காய்கள் கிண்ணம் கிண்ணமாக இருந்தன. வேண்டியதை நாமே அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தால், வட்டமான பெரிய இரும்புக் கல்லில் போட்டு நம் கண் முன்னால் வதக்கித் தருகிறார்கள். சீருடை போட்ட ஒரு பெண் என்னிடம் வந்து, எப்படி எடுக்க வேண்டும், எதை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். "அப்பாவுக்கு இதெல்லாம் புதுசு" என்றாள் மகள். நான் மறுக்கவில்லை. வெறும் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வயிறு சரியில்லை என்று சொல்லி மோர் மட்டும் குடித்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் திருவண்ணாமலையில் இதே மாதிரி ஒரு கடையை என் அக்கா நடத்தினாள் என்பதை மகளிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால், அவள் அம்மாவை நான் கல்யாணம் செய்துகொண்ட கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். செங்கத்தில் துணி வியாபாரம் செய்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம், பெங்களூரில் நல்ல வேலை என்று கிளம்பிப்போன மாமா அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டார். அக்கா ஒரு தகரப் பெட்டியோடு திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அம்மா நாள் முழுக்க அழுதாள். அக்கா அழுது நான் பார்க்கவில்லை. வந்த ஒரு மாதத்துக்குள், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடும் ஒரு வீட்டில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டாள்.

எழுபதுகளின் கடைசி அது. அக்கா வைத்த சாம்பாரையும் பொரியலையும் அந்த வெளிநாட்டுக்காரர்கள் மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். தட்டு திரும்பி வரும்போது பாதி அப்படியே இருக்கும். ஒருநாள், மாதக்கணக்கில் அங்கே தங்கியிருந்த உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மாள் நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டாள். கேரட், கோஸ், தேங்காய்ப் பத்தை என்று தனக்குப் பிடித்ததை எடுத்துத் தட்டில் வைத்து, தோசைக்கல்லைக் காட்டினாளாம். அக்கா அதைக் கல்லில் போட்டு, மிளகும் உப்பும் தூவிப் புரட்டிக் கொடுத்தாள். தட்டு காலியாகத் திரும்பியது. மறுநாள் அந்த அம்மாளோடு இன்னும் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

அப்படித்தான் கடை பிறந்தது. பக்கத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்த பாய் தன் பட்டறையை ஒட்டிய கீற்றுக் கொட்டகையை அக்காவுக்குத் தவணையில் விற்றார். கனமான தகட்டை வெட்டி, இரண்டு முழ அகலத்தில் ஒரு கல்லையும் அவரே செய்து கொடுத்தார். காய் வகைகள், முளைகட்டிய பயறு, வேகவைத்த வேர்க்கடலை, அரிசிச் சேவை எல்லாம் பித்தளைக் கிண்ணங்களில் வரிசையாக இருக்கும். கடைசியில் புளியும் வெல்லமும் கரைத்த ஒன்று, கொத்தமல்லி அரைத்த ஒன்று, பூண்டும் வேர்க்கடலையும் சேர்ந்த ஒன்று என்று மூன்று சட்டிகள். 'எது வேணுமோ எடுத்துக்கோங்க' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை எழுதிக் கொடுத்தவன் நான். முதலில் வெளிநாட்டுக்காரர்கள்தான் வந்தார்கள். பிறகு மலை சுற்ற வருபவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், குழந்தைகளோடு குடும்பங்கள் என்று உள்ளூர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். பாகற்காயை யாருமே எடுக்கமாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டினேன். தினமும் அதுதான் முதலில் தீர்ந்தது.

அக்கா கல்லுக்கு முன்னால் நிற்கும்போது வேறு ஆளாக இருப்பாள். ஒரே கல்லில் நாலு பேருடைய காய்களை ஒன்றோடொன்று கலக்காமல் புரட்டுவாள். தட்டை நீட்டுகிறவர்களிடம், "காரம் ஜாஸ்தியா, கம்மியா?" என்று மட்டும் கேட்பாள். இவ்வளவு தூரம் எல்லோரையும் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டுமா, நாமே செய்து வைத்துவிட்டால் வேலை குறையுமே என்று ஒருமுறை கேட்டேன். "என் கல்யாணத்துல என்னை யாருடா கேட்டாங்க? இங்க வர்றவங்களையாவது கேக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். போளூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தவர், காபியைக் குடித்துவிட்டு, அம்மாவிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "எல்லாம் சரிதான் தம்பி. உங்க அக்கா புருஷன் இல்லாம தனியா இருக்காங்க, வெள்ளைக்காரங்களுக்குக் கடை வெச்சிருக்காங்கன்னு ஊர்ல பேசறாங்க. கல்யாணத்துல அவங்க வீட்டுக்காரரும் வந்து சபையில நின்னா எங்களுக்குக் கொஞ்சம் கௌரவமா இருக்கும்." அக்கா அப்போது கடையில் இருந்தாள். அவளுடைய உழைப்பில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றியிருந்தோம் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். சரிங்க என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பெங்களூருக்கு பஸ் ஏறினேன். மாமாவைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. அந்தப் பெண் அவரை விட்டுப்போயிருந்தாள். ஆள் இளைத்து, ஒரு கிடங்கில் மூட்டைகளுக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வரச் சொன்னேன். தயங்கினார். "அக்கா கடை நல்லா போவுது மாமா. நீங்க வந்து உக்காந்தா போதும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை எந்தக் காரணத்துக்காகச் சொன்னேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

பத்தே நாளில் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அக்கா கை கழுவிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "யார் கூப்ட்டது?"

"அம்மாதான் சொல்லி அனுப்பிச்சாங்க" என்றேன்.

திண்ணையில் இருந்த அம்மாவுக்கு அதில் ஒன்றுமே தெரியாது. ஆனால் மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காகத்தான். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரி. இவன் கல்யாணம் முடியட்டும்" என்றாள். கல்யாணத்தில் மாமா பட்டு வேட்டி கட்டி, வாசலில் நின்று சந்தனம் கொடுத்தார். என் மாமனாருக்கு ரொம்பத் திருப்தி.

கல்யாணம் முடிந்தது, மாமா போகவில்லை. முதலில் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு கொட்டகை தன் பெயரில் இருந்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்று ஆரம்பித்தார். பட்டறை பாய் என் அலுவலகத்துக்கே வந்தார். வெயிலில் நடந்து வந்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "தம்பி, கடை தங்கச்சி பேர்லயே இருக்கட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு" என்றார். எனக்குப் புது மனைவி, புது மாமனார். மாமா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன பேச்சு வருமோ என்ற பயம். "புருஷன் பொண்டாட்டி விஷயம் பாய், நாம எதுக்கு நடுவுல" என்று சொல்லி அனுப்பினேன். பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அக்கா கையெழுத்துப் போட வேண்டிய தாள்களையும் மாமா கேட்டபடி நானே எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து அழகாக இருக்கும்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. "வர்றவன் வர்றவன்லாம் இஷ்டத்துக்கு அள்ளினா அது கடையா, சத்திரமா?" என்று கேட்டு மாமா கிண்ணங்களை எடுக்கச் சொன்னார். சுவரில் பட்டியல் மாட்டினார். மேசை நாற்காலி வந்தது. கல்லுக்குச் சம்பளத்துக்கு ஒரு மாஸ்டர் வந்தார். அக்கா பின்பக்கம், புகை போகாத ஒரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். ஒருநாள் போனபோது அவள் முழங்கையில் தீக்காயம் இருந்தது. எப்படி என்று கேட்டேன். "கல்லு சுட்டுடுச்சு" என்றாள். கல் பக்கம் அவளை விடுவதே இல்லை என்று எனக்குத் தெரியும். மேலே எதுவும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வருவது குறைந்தது, பிறகு நின்றது. பட்டியலில் இருந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கும் என்பதால் உள்ளூர்க்காரர்களுக்கும் அவ்வளவு தூரம் வரத் தேவையில்லாமல் போயிற்று. இரண்டு வருஷம் முடிவதற்குள் மாமா கடையை, கல்லையும் பாத்திரங்களையும் சேர்த்து, ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு மறுபடியும் பெங்களூருக்குப் போய்விட்டார். அக்காவிடம் சொல்லவில்லை. அவள் காலையில் போனபோது வேறு யாரோ பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்களாம்.

அக்கா ஆரணியில் ஒரு பள்ளி விடுதியில் சமையலுக்குப் போனாள். இருநூறு பிள்ளைகளுக்கு, திங்கட்கிழமைக்கு இது, செவ்வாய்க்கிழமைக்கு இது என்று எழுதி ஒட்டியிருப்பதைச் சமைத்துப் போட வேண்டும். அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தாள். எல்லோரும் போனபின் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அம்மா தலைமேல் போட்ட பொய் இனியும் அவள் பெயரில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. "அக்கா, மாமாவை அன்னிக்குக் கூப்ட்டது…" என்று ஆரம்பித்தேன்.

"நீதான்" என்றாள், கை நிற்காமல். "வந்த அன்னிக்கே அவரே சொல்லிட்டாரு. உன் தம்பி வந்து கெஞ்சினான், கடை நல்லா போவுதுன்னு சொன்னான்னு."

"அப்பவே ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா உன் கல்யாணம் நின்னுடும். உனக்கு அந்தப் பொண்ணு மேல ஆசைன்னு தெரியும்."

சாயங்காலம் அவளை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். "மறுபடியும் ஒரு கடை போடலாம்க்கா. இந்த தடவை எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ பாத்துக்கிட்டது போதும்டா" என்றாள். குரலில் கோபம் இல்லை. பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அக்கா இருந்தாள். தீபத்துக்குத் தவறாமல் வருவாள். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு தலை வாரிப் பூ வைத்துவிடுவாள். ஆனால் கடைசிவரை என் வீட்டுச் சமையலறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. ஒரு வாய் காபி கூடப் போட்டதில்லை. "இருநூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சு அலுத்துப்போயிருக்கும், பாவம் அண்ணி" என்பாள் என் மனைவி.

ஆமாம் என்பேன் நான்.