கூடைக்காரம்மாவின் கத்தி

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துக் கிராமக் கலைக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் மூங்கில் சீவும் கத்தி ஒன்றைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? வெளியே ஒட்டியிருந்த அட்டையைப் பெரியவள் உரக்கப் படித்தாள்: "அன்பளிப்பு." எழுத்து அழகாக இருக்கிறது என்றாள். அது என் எழுத்துதான். உடனே உங்களை அவசரமாக வெளியே கூட்டிவந்ததற்குக் காரணம் வெயில் அல்ல.

திருச்சியில் ஒர்க்ஷாப் வேலைக்கு வருமுன், அந்தக் கலைக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. கையெழுத்து நன்றாக இருந்ததால் அட்டை எழுதுவதும் என்னிடம் வந்தது. திறப்பு விழாவுக்குப் பொருள் சேகரிக்க, கொள்ளிடக் கரையில் கூடை முடைந்த ஓர் அம்மாளிடம் போனோம். அவர் புதுக்கூடை இரண்டை எடுத்து வைத்தார். பொறுப்பதிகாரிக்கு அது போதவில்லை. கூடை எங்கும் கிடைக்கும், அந்தப் பழைய கத்திதான் வேண்டும் என்றார். புடவைக் கிழிசல் சுற்றிய பிடி, விரல் பதிந்த இடத்தில் மட்டும் குழிந்து கறுத்திருந்தது. அம்மாள் தயங்காமல் கொடுத்தார். நான் எழுதி நீட்டிய தாளில் கைநாட்டும் வைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துச் சொல்லவில்லை.

விழாவில் ஓவிய ஆசிரியருக்கு மாலை போட்டார்கள். சுவரில் அவர் தீட்டிய படம்: தூரத்தில் மலைக்கோட்டை, முன்னால் பச்சை வயல். அவர் வரைந்த வயலில் நாற்று நட ஓர் ஆள்கூட இல்லை. கிராமத்தாரின் கைகளே நம் செல்வம் என்று ஒருவர் முழங்கினார். அந்தக் கூடைக்காரம்மா வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கத்தியை வாங்கிப்போக வந்தார். கல்யாண வீட்டுக்கு அண்டா கொடுப்பதுபோலத்தான் விழாவுக்குக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் வேறெப்படி நினைப்பார்கள்?

"அது இப்ப சர்க்கார் சொத்தும்மா. கைநாட்டு வச்சிருக்கியே" என்றார் அதிகாரி, ஃபைலிலிருந்து தலை நிமிராமல்.

"விசேஷம் முடிஞ்சா அண்டாவக் கழுவித் திருப்பித் தருவீங்கள்ல சாமி? என் கத்திய நீங்க கழுவக்கூட வேணாம். அப்படியே குடுங்க."

அதிகாரி சிரித்தார். வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னார். சொல்வதற்கு என்ன? கை பழகாத கத்தியில் சீவி, அம்மாளின் கட்டைவிரல் பிளந்துபோனது. துணி சுற்றிய கையோடு மறுபடி வந்தவர், என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எழுதுனது நீங்கதானே தம்பி? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

பெட்டிச் சாவி அப்போது என் இடுப்பில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்து நின்றேன். உழைப்பைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, உழைக்கிறவள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிப் பூட்டிவைத்தோமே, அதற்கு ஒரு விழா, அதற்கு ஒரு மாலை! அந்த அம்மாள் பிழைப்புத் தேடி வையம்பட்டிப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவரை நான் தேடிப் போகவில்லை.

நேற்று ஷிப்டு முடிந்ததும் தனியாக பஸ் ஏறிப் போனேன். கத்தி அதே இடத்தில் இருந்தது. பேனாவை எடுத்து, அட்டையில் 'அன்பளிப்பு' என்பதை அடித்துவிட்டு, அதே உருண்டை எழுத்தில் எழுதினேன்: "இரவல். இன்னும் திருப்பித் தரவில்லை."