சிங்கம் உட்கார்ந்த பூட்டுக் கடை அட்டை

அருங்காட்சியகத்தின் நன்றிப் பட்டியலில் அவளைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "சுயாதீன ஆய்வாளர், பழைய வணிக அட்டைகளில் தீராத ஈடுபாடு கொண்டவர்." ஈடுபாடாவது ஒன்றாவது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்த அட்டைகளைப் பார்த்தாலே அவளுக்குக் கழுத்து வலிக்கும். சுயாதீனம் என்று பார்த்தால், கணினி தம்பியுடையது, நாற்காலி தம்பியுடையது, தேடச் சொன்னதும் தம்பிதான்.

தம்பிக்குப் பூட்டுக் கடை. சாலையை அகலப்படுத்த அந்த வரிசையையே இடிக்கப் போகிறார்கள். 1900க்கு முன்பே அதே கட்டடத்தில் நடந்த கடை என்று அச்சில் ஆதாரம் காட்டினால் விலக்கு உண்டு. கொள்ளுத் தாத்தா தொடங்கிய கடைதான். எப்போது என்று அவர் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் சரக்கின் படமும் விலாசமும் அச்சடித்து வாடிக்கையாளருக்குக் கொடுத்த அட்டைகள் ஒன்பதாயிரத்தை அருங்காட்சியகம் இணையத்தில் ஏற்றியிருந்தது. அதில் ஒன்று நம்முடையதாக இருக்காதா என்று தம்பிக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கை அவனுடையது, கண் அவளுடையது.

நான்கு மாதம். கடையின் பின்னறையில், சாவி அராவும் இயந்திரத்தின் சத்தத்தில். பூட்டு என்று தேடினால் சவப்பெட்டி செய்பவர் வந்தார். சாவி என்று தேடினால் கடிகாரக்காரர் வந்தார். வழியில் கண்ணில் பட்ட தவறான தேதிகளைச் சும்மா விடவும் அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளூர் அட்டையில் தொலைபேசி எண் இருந்தால் போதும், எத்தனை இலக்கம் என்று பார்த்தே காலத்தைச் சொல்லிவிடுவாள். அப்படி எழுதியனுப்பிய இருபத்துமூன்று திருத்தங்கள்தான் அவளை ஆய்வாளராக்கின.

கடைசியில் அது 'விலங்குகள்' பிரிவில் கிடைத்தது. கொள்ளுத் தாத்தா பூட்டின் மேல் ஒரு சிங்கத்தை உட்கார வைத்திருந்தார். விலாசம் அச்சு அசல் இதே கடை.

"சிங்கமா இது? குளிப்பாட்டின நாய்க்குட்டி மாதிரி இருக்கு," என்றான் தம்பி. "பரவால்ல. தேதியப் பாருக்கா. சுமார் 1890னு போட்டிருக்காங்க. ஜெயிச்சிட்டோம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மூலையில என்ன இருக்குன்னு படி."

"தொலைபேசி 46."

"இந்த ஊருக்கு போன் வந்ததே 1912லதான்டா."

"அது உனக்குத் தெரியும். இடிக்க வர்ற அதிகாரிங்களுக்குத் தெரியாதே."

"இருபத்துமூணு கடைக்காரங்க தேதிய மாத்த வெச்சிருக்கேன்."

"அவங்க கடைய யாரும் இடிக்க வரலையேக்கா. அவங்கெல்லாம் செத்தே எத்தனையோ காலமாச்சு."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போக இடமில்லாததுபோல மறுபடி உட்கார்ந்தாள். விலக்கு கேட்ட மனுவின் விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. இன்னொரு அட்டையைப் பார்க்கத் தெம்பில்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தம்பியின் மனுவோடு இணைத்தாள். தொலைபேசி எண் இருப்பதால் அட்டை 1912க்கு முந்தியதாக இருக்க முடியாது என்று அருங்காட்சியகத்துக்கு அன்றே கடிதம் எழுதினாள். கடைக்கான விலக்கு ஆணை கைக்கு வந்த மறுநாள் அந்தக் கடிதத்தை அனுப்பினாள்.