இடிந்த லயத்து டேலியாக்கள்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்கு இறங்கும் வழியில் குடையும் ரப்பர் சப்பாத்தும் மழைக்கோட்டும் விற்கிற கடை பைஸருடையது. மழை ஓயாத ஊரில் குடைக்கடை வைத்திருக்கும் மனுஷன் பிழைக்கத் தெரிந்தவர் என்று நினைப்பவர்கள், சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுவாரம் அந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். ஊர் முழுக்க சனம் திரியும் அந்த நாட்களில் கடை பூட்டியிருக்கும். முதலாளி கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நுவரெலியாவில் ஏதாவது ஒரு பூவுக்கு முன்னால் முழங்காலில் நிற்பார்.

அவருடைய மனைவி கமறியா இதைச் சொல்லிச் சிரிக்காத கல்யாண வீடு கிடையாது. பதினொரு வருஷமாகப் பூவுக்குப் பின்னால் அலைகிற ஆள் வீட்டுக்கு ஒரு பூ கொண்டுவந்ததில்லை என்பாள். அந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு கல்யாணத்தில்தான். மகள் மின்ஹாவின் கல்யாணத்துக்கு அமர்த்திய படக்காரன், வந்தவர்களின் நாடியையும் நெற்றியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கோபத்தில் பைஸர் ஒரு கமரா வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கமராவைக் கண்டால் மனுஷர் விறைத்துப்போகிறார்கள் என்று. பூ விறைப்பதில்லை. அதன் பிறகு அவர் மனுஷரை எடுக்கவில்லை.

முதல் வருஷமே, ஹக்கல பூங்காவில், அவர் குனிந்திருந்த அதே ரோசாவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கமரா நீண்டது. அதைப் பிடித்திருந்தவர் செல்வரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர்; ஹட்டனில் கல்விக் கந்தோரில் வேலை; குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வாடகை அறையில் தனியாக இருந்தார். பைஸருக்குப் பூவின் நிறம் தெரியும், பெயர் தெரியாது. செல்வரத்தினம் ஒவ்வொரு பூவுக்கும் மூன்று பெயர் சொல்வார். இருவரும் அன்றைக்கு ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள்.

பிறகு ஒரு சித்திரைகூடத் தவறியதில்லை. மலர்க் கண்காட்சி, ஹக்கல, இறம்பொடைப் பக்கத்து வீதியோரத் தோட்டங்கள், எங்கே போனாலும் இருவருமாகத்தான். நோன்பு மாதம் சித்திரையில் வந்த இரண்டு வருஷம் பைஸர் நோன்போடு போனார். செல்வரத்தினமும் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கூடவே அலைந்தார். அப்படி ஒரு சிநேகிதத்தைச் சந்தேகிக்க யாருக்குத்தான் தோன்றும்? பைஸருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

வேலாயி கடைக்கு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். தேயிலைத் தோட்டத்துப் பேரேட்டில் பேர் வெட்டி ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி. ரப்பர் சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டே, கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய படங்களை அண்ணாந்து பார்த்தாள். கண்காட்சியில் முதற்பரிசு வாங்கிய டேலியா நடுவில் இருந்தது. இதற்கா பரிசு கொடுத்தார்கள் என்று கேட்டாள். தன்னிடம் இருப்பது சோற்றுக் கோப்பை அளவு பூக்கும் என்றாள். பைஸர் அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிட்டார்.

தோட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒருவர் சொல்லி விளைந்ததே போதும். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினால், மண்சரிவில் இடிந்த பழைய லயம் ஒன்று, தொழிலாளர்களின் வரிசை வீடு. கூரையும் சுவரும் போய், குடும்பத்துக்கு ஒரு அறையாக இருந்த எட்டுக் காம்பராவின் அத்திவாரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. வேலாயி பிறந்தது அங்கேதான். ஒவ்வொரு காம்பராவிலும் ஒவ்வொரு பூ வைத்திருந்தாள். தன் வீட்டில் சிவப்பு டேலியா; பக்கத்தில் அழகன் வீட்டில் வெள்ளை லில்லி; மூன்றாவது நல்லமுத்து வீட்டில் மஞ்சள் டேலியா. சரிவில் செத்தவர்கள் அந்த இருவரும். அதை அவள் அழாமல், காம்பரா காம்பராவாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். அன்றைக்குப் பைஸர் நெடுநேரம் கமராவைத் தொடவே இல்லை.

அபாயமான இடம், யாரும் போகக்கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார், சத்தம் போடாதவரைக்கும். ஆகவே வேலாயி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“படம் எவ்வளவு வேணும்னாலும் புடிங்க முதலாளி. எடத்த மட்டும் யாருக்கும் சொல்லிறாதீங்க.”

பைஸர் வாக்குக் கொடுத்தார். அந்தப் படங்களைக் கடையில் மாட்டவில்லை, மகளுக்கு அனுப்பவில்லை, கமறியாவுக்குக்கூட எங்கே எடுத்தது என்று சொல்லவில்லை. ஆனால் பூவின் பெயர் தெரியவேண்டுமே. மறு வருஷம் செல்வரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போனார். வேலாயி பாதையிலேயே நின்று, இவர் யார் என்று கேட்டாள். பைஸர் யோசிக்கவே இல்லை.

“என்ட ஆள்தான் அக்கா. நான் வேற, அவர் வேற இல்ல.”

அவள் வழிவிட்டாள். அன்றைக்கு செல்வரத்தினம் ஒவ்வொரு காம்பரா வாசலிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். பைஸருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இந்தச் சித்திரையில், வருஷம் பிறந்த கையோடு செல்வரத்தினம் தொலைபேசியில் பேசினார். முழங்கால் நோவு விடுகுதில்லை, வைத்தியர் மாடிப்படியே ஏறக்கூடாது என்றுவிட்டார், இந்த முறை கண்காட்சிக்கு வரமுடியாது என்றார். பைஸருக்குத் தனியாகப் போக மனம் வரவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்காட்சியை விட்டார். வேலாயியின் தோட்டத்தையாவது பார்த்து, நல்லதாக நாலு படம் எடுத்துக்கொண்டுபோய்ச் சிநேகிதனுக்குக் காட்டலாம், நோவு மறந்து இருப்பார் என்று கிளம்பினார். நோவுக்கு எண்ணெய்ப் போத்தலும் ஒன்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய வீதி முடக்கில் ஒரு வான் நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து சீசனுக்குச் சனத்தை ஏற்றிவரும் வான். சாரதி ஆசனத்தில் இருந்தவனைப் பைஸருக்குத் தெரியும்: செல்வரத்தினத்தின் மருமகன் சுகிர்தன். அவரைக் கண்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு தொலைபேசியை நோண்டினான். பைஸர் அதற்குப் பிறகு பாதையில் நடக்கவில்லை, ஓடினார்.

மேலே பதினைந்து பேருக்குக் குறையாது. பிள்ளைகள் அத்திவாரத்தின் மேல் ஏறிக் குதித்தார்கள். நல்லமுத்து வீட்டுக்குள் ஒரு பெண் மஞ்சள் டேலியாக்களுக்கு நடுவே சாய்ந்து இருந்தாள்; அவளை எடுக்க இரண்டு பேர் லில்லிகளை மிதித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். நடுவில், தொப்பி போட்டுக்கொண்டு, அடுத்த காம்பரா அத்திவாரத்தின் மேல் ஒரே எட்டில் ஏறி நின்றார் செல்வரத்தினம். மாடிப்படி ஏறாத முழங்கால் அது. ஏழெட்டு வருஷமாகத் தேடி அலைந்து தான் கண்டுபிடித்த இடம் என்று அவர் சொல்வது பைஸரின் காதில் விழுந்தது.

பொய் சொன்னதுகூடப் பைஸருக்குப் பெரிதில்லை. தன் வாயால் சொன்ன வாக்கைத் தன் ஆளே காலில் போட்டு மிதிக்கிறான். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் வேலாயி அவரைப் பார்த்துவிட்டாள். தன் வீட்டு அத்திவாரத்துக்குக் குறுக்கே, சிவப்பு டேலியாவுக்கு முன்னால், கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“நான் கூட்டி வரல்ல அக்கா,” என்றார் பைஸர். “எனக்குத் தெரியவே தெரியாது.”

“நீங்க வேற அவரு வேற இல்லன்னு நீங்கதானேங்க சொன்னீங்க,” என்றாள் அவள்.

கும்பலைக் கீழே இறக்கப் பைஸருக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அவர்கள் அவரைத் தோட்டத்து உத்தியோகத்தர் என்று நினைத்துக்கொண்டார்கள்; ஒருவர் இங்கே தேநீர் கிடைக்குமா என்றும் கேட்டார். கடைசியாக வானில் ஏறப்போன செல்வரத்தினத்தின் கையைப் பைஸர் பிடித்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஏசவில்லை. ஏசுவதற்கு வேண்டிய பழக்கம் இருவருக்குள்ளும் இருந்ததில்லை.

செல்வரத்தினம் வெட்கப்படவில்லை. நல்ல இடத்தை நாலு பேர் பார்ப்பதில் என்ன பிழை என்று கேட்டார். மருமகனின் வானுக்கு இந்த வருஷம் வேறு இடம் அமையவில்லை என்றார். பிறகு, அதுவே போதுமான விளக்கம் என்பதுபோல, இன்னொன்றும் சொன்னார்.

“உமக்குச் சொல்லியிருந்தா நீர் வேண்டாமெண்டிருப்பீர். அதுதான் சொல்லேல்லை.”

தெரிந்துதான் செய்திருக்கிறார். ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பைஸருக்கு அந்த ஒரு வசனம்தான் திரும்பத் திரும்ப ஓடியது. நோன்பு நாளில் தன்கூடவே தாகத்தோடு நடந்த மனுஷன், வேண்டாம் என்று சொல்லப்படும் என்று தெரிந்து, அதற்காகவே மறைத்திருக்கிறார். எண்ணெய்ப் போத்தலைக் கமறியா பையில் கண்டெடுத்து இது யாருக்கு என்று கேட்டபோது, தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. வானில் வந்தவர்கள் போட்ட படங்களைப் பார்த்து அடுத்த வாரம் மூன்று வான் வந்தது. ஒரு பிள்ளை அத்திவாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டது. இனிக் கண்டாக்காலும் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை. இடத்தை வெட்டித் துப்புரவாக்கிக் கம்பி வேலி அடிக்கும்படி துரை சொல்லியனுப்பினார். வெட்டுகிற வேலையை வேறு ஆள் செய்யவேண்டாம், நானே செய்கிறேன் என்று வேலாயி கேட்டுக்கொண்டாளாம்.

அதைக் கேள்விப்பட்ட பைஸர் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் குப்பையும் தகரமும் கிடந்த நிலத்தை இரண்டு நாள் தானே நின்று கொத்தினார். எட்டுப் பாத்தி கட்டினார். கமறியா இந்த முறை சிரிக்கவில்லை. எரு தேடிக்கொண்டு வந்து கொடுத்தாள். செல்வரத்தினத்தைத் திட்டித் தீராத மனது, மண்ணைக் கொத்தும்போது கொஞ்சம் அடங்கியது. டேலியாக் கிழங்கையெல்லாம் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டால் வேலாயி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தன் வாக்கில் பாதியாவது மிஞ்சும் என்று நினைத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது லில்லிக் காம்பரா ஏற்கெனவே வெறும் மண். வேலாயி குந்தியிருந்து டேலியாக் கிழங்குகளை மண்ணோடு கிளப்பி, வந்தவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற லயங்களின் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பஸ் கொண்டக்டர் ஒருவர் சிவப்பு வாங்கிக்கொண்டு போனார். வேலியடிக்க ஆள் கூட்டிவந்த கண்டாக்குகூட வீட்டுக்கென்று இரண்டு மஞ்சள் கேட்டு வாங்கினார். பைஸரும் வரிசையில் நின்றார். முதலாளி என்று யாரோ முன்னால் விட்டதையும் மறுத்து, தன் முறை வரும்வரைக்கும் நின்றார்.

முறை வந்ததும் எட்டுப் பாத்தியைப் பற்றிச் சொன்னார். மண் நல்ல மண் என்றார். செல்வரத்தினத்தோடு பேச்சை விட்டாயிற்று என்றார். வேலாயி முழுவதையும் கேட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கிழங்கு. பைஸர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

“ஒங்களுக்கு எதுக்குங்க முதலாளி?” என்றாள் அவள். “ஒங்ககிட்டதான் படம் இருக்குல்ல.”

சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற லயத்துப் பெண் ஜீவராணியை எட்டிப் பார்த்து, கையை நீட்டச் சொன்னாள்.