இடது காது மிஷின்

பேய்க் கதை சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புளுகர்கள். மீதிப் பேர் பயந்தாங்கொள்ளிகள். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. போன மாசி மாதம், பட்டப்பகலில், எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். இரண்டு காதும் போனவன் வலது காதில் மட்டும் ஏன் மிஷின் மாட்டியிருக்கிறேன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

என் பெயர் நாகசுப்பிரமணியன். அருப்புக்கோட்டையில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவன். தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. மனிதர்கள் பேச்சு கேட்காமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அப்படி என்ன பேசிக் கிழித்துவிட்டார்கள்? நாதஸ்வரம் போனதுதான் தாங்கவில்லை. வாசிப்பு மேலே ஏறினால் தகரத்தைத் தேய்ப்பது போலக் கேட்டது. எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் நானே பதிவு செய்த தோடி ஒன்று இருக்கிறது. அதில் வித்வான் மேல் சட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். அதை மறுபடியும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் காது மிஷின் தேடி அலைந்தேன்.

முதல் கடைக்காரன் டை கட்டியிருந்தான். அவனுடைய மிஷின், நாதஸ்வரத்தின் நீண்ட ஸ்வரத்தைத் தன்னுடைய விசில் என்று நினைத்து அமுக்கியது. ஸ்வரம் குளிர்காய்ச்சல்காரன் போல நடுங்கியது. சொன்னேன்.

"டிவி நியூஸ் சூப்பரா கேக்கும் சார்" என்றான்.

நியூஸ் கேட்கவா மிஷின் வாங்க வந்தேன்? இரண்டாவது கடை அதைவிடக் கேவலம். ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் மண்டையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது, முனீஸ்வரி என்கிற பெண் நடத்தும் சின்னக் கடை. அவளிடம் மட்டும் கொஞ்சம் விஷயம் இருந்தது.

"இதுல ரெண்டு செட்டிங் சார். பேச்சுல வச்சா மனுசக் குரலை மட்டும் தூக்கிக் குடுக்கும். பாட்டுல வச்சா எதையும் அமுக்காது. ஆனா பாட்டுல வச்சுக் காதை விட்டுக் கழட்டுனா, கீன்னு விசிலடிக்கும்."

"எப்ப நிக்கும்?"

"மறுபடி காதுக்குள்ள நல்லா உக்காந்தா நின்னுரும்."

சனிக்கிழமை வரை டிரையல். இதுவும் தேறாவிட்டால் பாட்டையே தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

சோதித்துப் பார்க்க அமைதியான இடம் வேண்டும். எங்கள் தெருவிலோ வீட்டுக்கு வீடு தறி. நண்பன் பூமிநாதனிடம் கேட்டேன். ரெட்டியபட்டிக்கு வெளியே அவனுக்குப் பருத்திக் குடோன் ஒன்று உண்டு. முன்பு பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மிஷின் ஓடிய இடம்.

"சும்மாதான கெடக்கு. போய்க் கேளுங்க அண்ணாச்சி" என்று சாவியைத் தந்தான்.

புதன்கிழமை மதியம் மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். சுற்றிலும் கருவேலங்காடு, ஆள் அரவம் இல்லை. உள்ளே ஒரு பழைய மரப்பெஞ்சு மட்டும் கிடந்தது. ஸ்பீக்கர் பெட்டியைச் சுவிட்சில் மாட்டி, பென் டிரைவைச் செருகி, சத்தத்தை முழுசாக வைத்தேன். இரண்டு காதிலும் மிஷின். பாட்டு செட்டிங்.

தோடி எழும்பியது. மேலே ஏறியது. சட்ஜமத்தில் நின்றது. நடுக்கமில்லை, தகரமில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மிஷின்தான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கியது. ஆதி தாளம். அப்போதுதான் அது கேட்டது...

டக்... டிக்... டிக்...

யாரோ பெஞ்சில் தாளம் போடுகிறார்கள். ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிர விரல். அடுத்து நடுவிரல் விழ வேண்டும். விழவில்லை. அந்த இடம் காலி. மறுபடி தட்டு.

பெஞ்சைப் பார்த்தேன். யாரும் இல்லை.

பதிவிலேயே இருக்கும் சத்தமோ என்று நினைத்தேன். அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம். அதில் இப்படி எதுவும் கிடையாது. மிஷின்களைக் கழற்றினேன். அவை விசிலடித்திருந்தாலும் என் வெறுங்காதுக்கு எட்டியிருக்காது. வெறும் நாதஸ்வரம்தான். மாட்டினேன்.

டக்... டிக்... டிக்... காலி.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். ஒவ்வொரு சுற்றிலும் நாலாவது எண்ணிக்கையை முழுங்குகிறது. ஆதி தாளம்கூடத் தெரியாத ஜென்மம் எதற்குத் தாளம் போட வேண்டும்?

"யாருய்யா அது? தெரியாட்டி சும்மா இரும்" என்று அதட்டினேன்.

நின்றது.

பல்லியோ எலியோ என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு மிஷினின் பட்டனை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து மாறும். அழுத்திப் பேச்சு செட்டிங்குக்கு மாற்றினேன். இனி இந்தத் தட்டல் எல்லாம் அமுங்கிவிடும். மனிதக் குரல் மட்டும்தான் வரும்.

வந்தது.

"ஆகா..."

இடது காதுக்குப் பக்கத்தில். ஏற்ற இறக்கமே இல்லாத, தட்டையான ஒரு குரல்.

இடது காதில் இருந்ததைப் பிடுங்கினேன். பிடுங்கும்போது பட்டன் அழுந்தியிருக்க வேண்டும். வலது காதில் பீப்... பீப்... என்றது. மறுபடி பாட்டு செட்டிங்.

கையிலிருந்ததை எறிந்தேன். ஓடினேன்.

தகரக் கதவை இழுத்துப் பூட்டினேன். மணி நாலு பத்து.

உள்ளே கீர்த்தனை முடிந்தது. பதிவு தானாக மறுபடி முதலிலிருந்து தொடங்க ஒரு நிமிடம் ஆகும். அந்த அமைதியில், வலது காது மிஷினில் கேட்டது.

கீ.......

நான் எறிந்த மிஷின். தரையில் கிடந்து விசிலடிக்கிறது.

கீ.......

கீ...

நின்றது.

மிஷின் குடோனில் விழுந்துவிட்டது என்று மட்டும் பூமிநாதனிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் அவன் மாற்றுச் சாவியோடு குடோனுக்குப் போய்விட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"மூலை முடுக்கெல்லாம் தேடியாச்சு அண்ணாச்சி. மிஷினைக் காணோம். பூட்டு போட்டது போட்டபடிதான் இருக்கு."

தாளத்தைப் பற்றிச் சொன்னேன். தொடையில் தட்டிக் காட்டினேன். நாலாவது இடத்தைக் காலியாக விட்டேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அது மொக்கையன் மாமால்ல. அங்கதான் வேலை பாத்தாக. நடுவிரலு ஜின்னிங் மிஷின்ல போயிருச்சு. அந்தச் சத்தத்துலயே காதும் அவிஞ்சுபோச்சு."

"பாட்டு கேப்பாரா?"

"பாட்டுன்னா உசுரு. எங்க கேக்க? மதியம் ஆச்சுன்னா அந்தப் பெஞ்சுல ரேடியோவை முழுச் சத்தத்துல வச்சு, அதுமேல ஒரு கைய வச்சுக்கிருவாக. அதிர்வ வச்சே மறு கையில தாளம் போடுவாக. செத்து ஆறு வருசமாச்சு. கடைசி வரைக்கும் ஒண்ணும் கேக்கல."

அவன் ஸ்பீக்கர் பெட்டியை என் முன்னால் வைத்தான்.

"நான் போறப்பவும் பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா ஏன் அண்ணாச்சி, இம்புட்டு மெல்லமாவா வச்சுக் கேட்டீக? பெஞ்சுகிட்டப் போற வரைக்கும் எனக்குச் சத்தமே கேக்கலையே."

நான் முழுச் சத்தத்தில் ஓடவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.