அக்கா விட்ட மூச்சு

என் அக்கா வீட்டுக்காரரை லாரி ஷெட்டில் எல்லோரும் புல்டோசர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் மலை மாதிரி இல்லை, கழுத்து மட்டும் கொஞ்சம் தடிமன். குறட்டைக்காக வந்த பெயர் அது. எனக்கு அவர் மாமா. நான் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். ஷெட் வாசலுக்கு எதிரேதான் என் கடை. கம்பெனி வண்டிகளில் லைட், ஹாரன், பேட்டரி எது கெட்டாலும் என் கைக்குத்தான் வரும்.

குறட்டையை வைத்து ஊரே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "குறட்டை கேட்டுச்சுன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்டா. அது திடீர்னு நின்னுடும் பாரு, அப்பதான் பக்குனு எழுந்துக்குவேன்" என்பாள். உலுக்குவாளாம். ஒரு முக்கல், ஒரு திணறல், மறுபடி புல்டோசர் கிளம்புமாம். இப்படியே பல வருஷம் அவளும் தூங்கவில்லை, அவரும் தூங்கவில்லை.

ஒருநாள் சரக்கு ஏற்ற வரிசையில் நின்றிருந்தபோது ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த வண்டிகளெல்லாம் போய்விட்டன. யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டித்தான் எழுப்பினார்கள். விஷயம் ஆபீசுக்குப் போனது, ஆபீஸ் அவரை டாக்டரிடம் அனுப்பியது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடுகிறது, அதனால் எவ்வளவு நேரம் படுத்தாலும் அது தூக்கமே இல்லை என்று டாக்டர் சொன்னார். ஒரு மெஷின் கொடுத்தார்கள். செருப்புப் பெட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு குழாய், குழாய் நுனியில் மூக்கை மூடுகிற மாஸ்க். காற்றை விடாமல் ஊதிக்கொண்டே இருக்கும்.

முதல் ராத்திரி அவர் சத்தமே இல்லாமல் தூங்கினதைப் பார்த்து, போய்விட்டாரோ என்று அக்கா விலாவில் குத்திப் பார்த்திருக்கிறாள். மறுநாள் மாமா கடைக்கு வந்தார். முகமே வேறாக இருந்தது.

"மாப்ள, இதுக்குப் பேர்தான் தூக்கமா? அப்ப இத்தனை வருஷமா நான் என்னத்தடா பண்ணிட்டு இருந்தேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் டாக்டர் ஒரு கண்டிஷன் வைத்திருந்தார். மெஷினுக்குள் ஒரு சிம் உண்டு. ராத்திரி எவ்வளவு நேரம் மாட்டினார், மூச்சு எப்படி இருந்தது என்று அதுவே டாக்டருக்கும் கம்பெனிக்கும் அனுப்பிவிடும். ஒழுங்காக மாட்டினால் வண்டி ஓட்டத் தகுதி என்று ஃபிட்னஸ் சர்டிபிகேட் உண்டு. மாட்டாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

சரி, மாட்டட்டும். எங்கே மாட்டுவது? லாரிக்காரன் வீட்டில் படுப்பது அபூர்வம். மற்ற நாளெல்லாம் கேபினில், சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில். டீசலை மிச்சம் பிடிக்கக் கம்பெனி வண்டிகளில் ஒரு பெட்டி பொருத்தியிருந்தார்கள். வண்டி நின்ற ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் தானாக அணைந்துவிடும். சாவியை எடுத்தால் டாஷ்போர்டு பிளக்கும் செத்துப்போகும். மாமா ஓட்டியது ஐஸ்கிரீம் வண்டி. பின்னால் இருக்கிற குளிர்ப்பெட்டிக்குத் தனி மோட்டார், அது ராத்திரி முழுக்க ஓடும். ஐஸ்கிரீம் உருகக்கூடாது அல்லவா? முன்னால் படுத்திருக்கிறவனுக்கு மூச்சு நின்றால் யாருக்கு என்ன!

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. படுக்கைக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி வைத்தேன். பகலில் வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறும், ராத்திரி மெஷினுக்குக் கொடுக்கும், வண்டியின் சொந்த பேட்டரியைத் தொடாது. ஃபியூஸ், கிளாம்ப், எல்லாம் பக்காவாகச் செய்தேன். கொஞ்ச நாள் மாமா மனுஷனாக நடமாடினார். பிறகு செக்கிங் வந்தவர்கள் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். கம்பெனி வண்டியில் கை வைக்கக் கூடாதாம். யார் போட்டது என்று குடைந்திருக்கிறார்கள். மாமா என் பெயரைச் சொல்லவே இல்லை.

நான் ஆபீசுக்குள் போய் நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். "சும்மா இருடா. உன் கடைக்கும் சேர்த்து ஆப்பு வச்சுக்காத. நானே முறையாக் கேக்கறேன்."

முறையாகத்தான் கேட்டார். குளிர்ப்பெட்டி மோட்டாரிலிருந்து ஒரே ஒரு வயர் இழுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் மோட்டாருக்கு வாரண்டி போய்விடும் என்றார் மேனேஜர்.

அடுத்து டாக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது. மெஷின் சரியாக ஓடவில்லை, இப்படியே போனால் ஃபிட்னஸ் கிடையாது என்று. அக்கா வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ஒரு புகாரும் வரவில்லை. ரிப்போர்ட் பிரமாதம் என்று பேச்சு அடிபட்டது. எப்படி என்று எனக்கு மண்டை குடைந்தது.

ஒருநாள் விடிந்ததும் அக்கா வீட்டுக்கு ஒரு ஸ்விட்ச் மாற்றப் போனேன். கதவைத் திறந்தவளின் இரண்டு கன்னத்திலும் பட்டை பதிந்த கோடு. மூக்கைச் சுற்றிச் சிவந்திருந்தது. உள்ளே கட்டில் மேல் மெஷின், தலையணையில் மாஸ்க்.

"மாமா வந்துட்டாரா?"

"அவர் வண்டியிலடா. ராத்திரிக்கு நான்தான் இங்க அவரு" என்று சிரித்தாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கத்தினேன். "அறிவு இருக்கா உனக்கு? மூச்சு அடைக்கிறது அவருக்கு. நீ மாட்டிக்கிட்டுத் தூங்கினா அவருக்கு எப்படிச் சரியாகும்?"

"அறிவு இருக்கறவன் அந்த வண்டிக்குக் கரண்ட் குடு பாப்போம். வந்துட்டான் பேச! ஃபிட்னஸ் போச்சுன்னா நீயா வந்து அவரை உக்கார வச்சு சோறு போடப்போற?"

"அங்க அவர் மூச்சு என்ன ஆகுது?"

"எப்படியோ போகுது" என்று சொல்லிவிட்டு மாஸ்க்கை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

மாமாவிடம் கேட்டபோது முதலில் கிண்டல்தான் வந்தது. "டாக்டர் கைகுடுத்துப் பாராட்டுறாருடா. 'என்ன ஒரு சீரான மூச்சு'ங்கிறாரு. உங்க அக்காகிட்ட சொன்னேன், வெக்கப்படுறா." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நேத்து பெரிய பாலத்தைத் தாண்டி வந்தேன் மாப்ள. பாலம் எப்ப வந்துச்சுன்னு தெரியல. இறங்கினப்புறம்தான் தாண்டிட்டேன்னு தெரிஞ்சுது." வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதைப் பிடிக்கத் தெரியும் என்று கேட்டார்.

இதற்குள் அந்தக் கம்பெனியில் இன்னும் சில டிரைவர்களுக்கும் இதே வியாதி என்று கண்டுபிடித்து மெஷின் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் இதே கழுத்தறுப்பு. மாதாந்திரக் கூட்டத்தில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். அன்று நான் ஒரு வண்டிக்கு ஹாரன் மாற்றிக்கொண்டிருந்தேன். கூட்டம் ஷெட்டிலேயே நடந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

எல்லா வண்டியிலும், சாவியை எடுத்தாலும் கரண்ட் வருகிற மாதிரி ஒரு பிளக் வேண்டும் என்று கேட்டார்கள். மேனேஜர் கோபப்படவே இல்லை. போனை எடுத்து ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினார்.

"இதோ பாருங்க, நம்ம புல்டோசர். மாசம் பூராவும் வெளியூர் டிரிப்தான். ஒரு ராத்திரி விடாம மெஷின் ஓடியிருக்கு. இதே வண்டி, இதே பிளக். அவரால முடியுது, உங்களால முடியாதா? இனிமே பிளக் பேச்சே வேண்டாம்."

எல்லோரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். அவர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காதீர்கள் மாமா, திறக்காதீர்கள் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

திறந்திருக்கவும் மாட்டார். பக்கத்தில் இருந்த ஒல்லிப்பிச்சான் டிரைவர் ஒருவன், குத்தலாக இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"எப்படிண்ணே பண்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே. நான் செருகினா அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சுடுது. பயமா இருக்குண்ணே."

மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"அது என் மூச்சு இல்ல சார். என் பொண்டாட்டியோடது."

யாரோ ஒருத்தன் சிரித்தான். மற்றவர்களுக்கு விளங்கியதும் அந்தச் சிரிப்பும் நின்றது. மாமா ஒன்றையும் மறைக்கவில்லை. மெஷின் வீட்டிலேயே இருப்பதையும், பாலத்தையும் சொன்னார்.

அன்று சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். பொய் ரிப்போர்ட் அனுப்பியவராம். டாக்டரும் கையை உதறிவிட்டார். அவ்வளவு டிரைவர்களில் ஒருத்தன் வாயைத் திறக்க வேண்டுமே! அந்த ஒல்லிப்பிச்சான் மட்டும் கேட் வரை கூடவே வந்தான்.

அக்கா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். என்னிடம்தான் கொட்டித் தீர்த்தாள். "மூஞ்சியில குழாயை மாட்டிக்கிட்டு ராத்திரி ராத்திரி நான் கிடந்தது இதுக்காடா? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன? ஊரான் பிள்ளை மேல வந்த அக்கறை வீட்டு மேல வரலியா?" அவனும் ஒரு வீட்டுக்காரன்தானே அக்கா என்று சொல்ல நினைத்தேன். அவள் அழுகிற அழுகையில் சொல்ல வாய் வரவில்லை.

பாலம் விஷயம் எப்படியோ இன்சூரன்ஸ்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. அவர்கள் கம்பெனியை ஒரு பிடி பிடித்திருக்கிறார்கள். மேனேஜரே என் கடைக்கு நடந்து வந்தார். எல்லா வண்டியிலும் படுக்கைக்கு ஒரு பிளக், தனி பேட்டரியோடு, உடனே போட வேண்டும் என்றார். குப்பையில் போட்டார்களே, அதே அமைப்பு! மூஞ்சியில் டெஸ்டரை விட்டெறிய வேண்டும் போல் இருந்தது. எறியவில்லை. வேறு எவனாவது வந்து ஃபியூஸ் இல்லாமல் இழுத்துவிட்டுப் போனால் அந்தப் பையன்கள் கேபினோடு எரிவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை எடுத்தேன். மாமாவின் வண்டியைத்தான் முதலில் முடித்தேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா குளித்துத் தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பெல்லாம் போய்விட்டது. வீட்டிலேயே இருப்பதால் மெஷின் இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

"போட்டுட்டேன் மாமா. உங்க வண்டியிலயும்."

"எங்க போட்ட?"

"தலைமாட்டுல."

"குழாய் எட்டுமா?"

"எட்டும்."

"சாவிய எடுத்தாலும் வருதா?"

"ராத்திரி பூரா வரும் மாமா."

தலையை ஆட்டினார். "யாரு ஓட்டுறா?"

"புதுசா ஒருத்தன். வியாதி எதுவும் இல்ல. செல்போன் சார்ஜ் போட்டுட்டு இருந்தான்."

"நல்லது. நான் கொஞ்சம் படுக்கறேன் மாப்ள" என்று மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். காலை பதினொரு மணி அப்போது. ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கி எழுந்திருந்த மனிதர் அவர்.